தனியாக யாரும் போவதில்லை

சாவு வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: "தனியாத்தான் வந்தோம், தனியாத்தான் போவணும்." பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். ராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலால் பிழைக்கும் இந்த ஊர்களில் நினைவு தெரிந்த நாளாய்க் காதில் விழுந்துகொண்டிருக்கும் வாக்கியம் இது. இந்துவும் சொல்வார், முஸ்லிமும் சொல்வார், சர்ச்சுக்குப் போகிறவரும் சொல்வார். ஆறுதலுக்காகச் சொன்ன பேச்சை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அந்த இடத்தில் செய்யவும் கூடாது. ஆனால் துக்கம் ஆறிய பிறகு சாவகாசமாக யோசித்தால் அந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் பொய் என்றே எனக்குப் படுகிறது. யாரும் தனியாக வந்ததில்லை, தனியாகப் போனதுமில்லை. பிறப்பையும் இறப்பையும் ஓர் உயிர் தனக்குத்தானே நடத்திக்கொள்ளும் காரியங்களாக வைத்துக் கட்டிய தத்துவங்கள், அந்த இரண்டையும் நடத்திக்கொடுக்கும் கைகளைப் பார்க்கத் தவறியவை. இதை வேறு எந்த ஊரில் இருந்துகொண்டும் வாதிடலாம். ஆனால் செத்த உடம்பின் தோலை வைத்துப் பிழைக்கும் தோல்ஷாப்புகளும், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் தேடிப்போகும் வேலூர் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பகுதி இது. சான்றுக்கு அலைய வேண்டியதில்லை.

சாவு ஒரு நொடியில் முடிந்துபோகும் என்ற எண்ணத்தை முதலில் கலைப்பது தோல்தான். ஆடு அறுபட்டு விழுந்ததும் கசாப்புக் கடையைப் பொறுத்தவரை அது செத்தாயிற்று. தோல்ஷாப்பைப் பொறுத்தவரை கதையே அப்போதுதான் ஆரம்பம். சில மணி நேரத்தில் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். மயிர் வேரோடு நெகிழ்ந்து கையோடு வர ஆரம்பித்தால் அந்தத் தோல் கெட்டது. அதனால் உரித்த சூட்டோடு உப்பைத் தேய்த்து மடித்துவிடுகிறார்கள். உப்புத் தோல் லாரியில் வந்து இறங்கியதும் முதல் வேலை தண்ணீர். உப்பும் இரத்தமும் சாணமும் போக ஊற வேண்டும். விறைத்துப்போன தோல், உயிரோடு உடம்பில் இருந்தபோது கொண்டிருந்த ஈரத்துக்கு மறுபடி திரும்ப வேண்டும். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள் வரை வந்து மூக்கைப் பொத்தவைக்கும் அழுகிய முட்டை வாடை பெரும்பாலும் இந்தக் கட்டத்தின் வேலை. மயிர் போகிறது, மேல்தோல் போகிறது. உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் இப்போது இயந்திரம் சீவுகிறது; முன்பு சாய்ந்த மரக்கட்டை மேல் தோலைப் போர்த்தி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தியால் ஆள் சீவுவார். கடைசியில் மிஞ்சுவது கொலாஜன் என்கிற நார்ப் பின்னல் மட்டும். அந்தக் காலத்தில் அதை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். கிழக்கிந்தியத் தோல் என்று லண்டன் சந்தையில் பெயர் வாங்கியது அதுதான். குரோமிய உப்பு வந்த பிறகு, சுற்றிக்கொண்டே இருக்கும் பெரிய மரப்பீப்பாயில், டிரம் என்றால்தான் இங்கே எல்லோருக்கும் புரியும், ஒரு நாளுக்குள் காரியம் முடிகிறது. வெளியே எடுக்கும்போது தோல் நீலம் பாரித்திருக்கும். வெட் ப்ளூ என்பார்கள். நார்களுக்கு இடையே குரோமியம் முடிச்சுப் போட்டுவிட்டதால் அது இனி அழுகாது, கொதிநீரில் போட்டாலும் லேசில் சுருங்காது. இந்த வரிசையில் ஆடு எந்த இடத்தில் செத்தது என்று கேட்டால், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். எங்கே முடிந்தது என்பதை ஆடு முடிவு செய்யவில்லை. வரிசையாக நின்ற கைகள் முடிவு செய்தன.

மனிதச் சாவை ஆட்டுத் தோலோடு சேர்த்து வைத்துப் பேசுவதா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். முதலில் சேர்த்து வைத்தது நானல்ல. உடம்பைத் தோற்பை என்றும் காற்றடைத்த துருத்தி என்றும் இகழ்ந்து பாடிய சித்தர் மரபு நமக்கு இருக்கிறது. அதைவிட அழுத்தமாகச் சேர்த்து வைத்தது நம்முடைய சமூக ஏற்பாடு. செத்த மாட்டைத் தூக்கி அப்புறப்படுத்தும் வேலையை எந்தச் சேரியின் தலையில் கட்டினார்களோ, சாவுச் செய்தி சொல்லப் போகிற வேலையையும், குழி வெட்டுகிற வேலையையும், பிணம் வேகும் வரை சுடுகாட்டில் நிற்கிற வேலையையும் அதன் தலையில்தான் கட்டினார்கள். செத்த கன்றின் தோலைக் கட்டிய பறைதான் மனிதச் சாவை ஊருக்கு அறிவித்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி நாவிதர் வீட்டுப் பெண். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் தீட்டு, சாவு விழுந்த வீட்டுக்கும் தீட்டு. அந்தத் தீட்டு பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ வீட்டுக்காரர்களுக்குக் கழிந்துவிடும், அதைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டும் ஆயுளுக்கும் கழியாது. வட ஆற்காட்டில் தோல் வியாபாரம் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள் கைக்கும், சுண்ணாம்புக் குழியில் இறங்கும் கூலி வேலை பெரும்பாலும் தலித்துகள் கைக்கும் போய்ச் சேர்ந்ததற்கு, மற்றவர்கள் அந்தப் பக்கம் வரக் கூசியது முக்கியமான காரணம். இதில் கவனிக்க வேண்டியது, தீட்டு என்ற எண்ணமே 'தனியாக வந்தோம், தனியாகப் போவோம்' என்பதற்கு எதிர்ச் சாட்சி. தனியாகவே வந்து தனியாகவே போகிற உயிராக இருந்தால் யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. தொட்டவரை விலக்கிவைக்க விதிகளும் வேண்டியதில்லை. கைகள் தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அந்தக் கைகளை மறைத்துவைக்க ஒரு தத்துவம் தேவைப்பட்டது.

பிறப்புக்கு வருவோம். ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர்; அமெரிக்க மிஷனரி மருத்துவர் குடும்பம். திண்டிவனத்தில் அவர் இளம்பெண்ணாகப் பெற்றோரோடு இருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள், அவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், தனித்தனியாக வந்து, பிரசவ வலியில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள் என்பதும், தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவைக் கூட்டிப்போங்கள் என்று அவர் சொன்னதும், ஆண் டாக்டர் எங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பியதும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் இந்தப் பக்கத்தில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அமெரிக்காவுக்குப் போய் 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வந்த அவர், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902இல் பெண்கள் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று சி.எம்.சி. என்ற மூன்றெழுத்தில் நாடறிந்த நிறுவனம் அப்படி வளர்ந்தது. இந்தக் கதையை எப்போதும் தெய்வ அழைப்பின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் படுவது வேறு. அந்த மூன்று பெண்களும் சாகக் காரணம் நோய் மட்டுமல்ல. எந்தக் கை தொடலாம், எந்தக் கை தொடக்கூடாது என்று வீட்டு ஆண்கள் வைத்திருந்த கணக்கும் காரணம். வைத்தியம் தெரிந்த கை கூப்பிடு தூரத்தில் இருந்தது, கூப்பிடவில்லை. பிறப்பு தாய்க்கும் குழந்தைக்கும் இடையே மட்டும் நடந்து முடியும் இயற்கைக் காரியமாக இருந்தால், யார் பக்கத்தில் நின்றார்கள் என்பது முடிவை மாற்றியிருக்கக் கூடாது. மாற்றுகிறது. 2018–20 காலக் கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குப் பிரசவத்தில் இறக்கும் தாய்மார் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. நம் பெண்களின் உடற்கூறு ஒன்றும் வேறில்லை. கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, இரத்த வங்கி என்று நிற்கும் கைகளின் எண்ணிக்கைதான் வேறு.

இதற்கு எதிராகத் தத்துவப் பக்கத்திலிருந்து வரக்கூடிய பலமான வாதத்தை ஜெர்மானியரான மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட 'இருப்பும் காலமும்' நூலில் வைத்தார். எனக்காக இன்னொருவர் கடைக்குப் போகலாம், கையெழுத்துப் போடலாம், போருக்குக்கூடப் போகலாம். எனக்குப் பதிலாக என் சாவை யாரும் சாக முடியாது. ஆகவே சாவுதான் முழுக்க முழுக்க என்னுடையது, அதை எதிர்கொள்ளும்போதுதான் நான் கூட்டத்திலிருந்து பிரிந்து நானாகிறேன் என்பது அவர் வாதத்தின் சாரம். சாவு வீட்டு வாசலில் சொல்லப்படும் நம்மூர் வாக்கியத்துக்கு ஐரோப்பியக் கோட்டு மாட்டிவிட்டால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதை எளிதில் தள்ளிவிட முடியாது, ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே காத்திருக்கிற எவருக்கும் இது உறைக்கும். ஆனால் 1943இல் ழான் பால் சார்த்தர் கொடுத்த பதில் போதுமானது என்று நினைக்கிறேன். எனக்குப் பதிலாக யாரும் சாக முடியாதுதான். எனக்குப் பதிலாக யாரும் காதலிக்கவும் முடியாதே. நான் சொல்வேன், எனக்காக யாரும் பசியாற முடியாது, தும்மவும் முடியாது. பதிலாள் போட முடியாத காரியங்கள் உடம்புள்ள ஒவ்வொருவருக்கும் நாள் முழுக்க நடக்கின்றன. அதனால் அவற்றைத் தனியாகச் செய்கிறோம் என்று ஆகாது. பசி என்னுடையது, சோறு என்னுடைய கையால் மட்டும் தட்டுக்கு வந்ததா? ஹைடெக்கரின் மாணவியாக இருந்த ஹன்னா ஆரெண்ட், மேற்கத்தியத் தத்துவம் சாவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டது என்பதைக் கண்டு, 1958இல் எழுதிய நூலில் பிறப்பை எடுத்து நடுவில் வைத்தார். ஒவ்வொரு பிறப்பும் உலகத்துக்குள் புதிய தொடக்கம் ஒன்றைக் கொண்டுவருகிறது என்றார். அதோடு எனக்கு உடன்பாடுதான், ஒரு குறையோடு. தொடங்குகிறவரைப் பார்த்த அளவுக்கு, தொப்புள்கொடி அறுத்தவளை அவரும் பார்க்கவில்லை.

நம் ஊர்ச் சடங்குகள் இந்த விஷயத்தில் தத்துவவாதிகளைவிடத் தெளிவாக இருக்கின்றன. ஆம்பூரிலும் மேல்விசாரத்திலும் குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறார்கள். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகைக்குப் பாங்கு கிடையாது. பிறந்த அன்று சொன்ன பாங்கு இந்தத் தொழுகைக்குத்தான், இடையில் இருந்ததே வாழ்க்கை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கத்தின் அழகில் மயங்கி அதற்குள் இருக்கும் சட்டத்தை விட்டுவிடக் கூடாது. இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லோருடைய கடமையும் தீர்ந்தது, ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. ஒருவருடைய சாவு அவருடைய சொந்த விஷயமாக இருந்தால் ஊர் எப்படிக் குற்றவாளியாக முடியும்? இந்துச் சாவிலும் வாய்க்கரிசி போடப் பங்காளி வேண்டும், கோடி போட மாமன் வீடு வேண்டும், பாடை சுமக்க நாலு தோள் வேண்டும். அந்த நாலு பேருக்காகத்தான் வாழ்நாள் முழுக்க நாலு பேரைப் பார்த்து நடந்துகொள்கிறோம். வாயால் தனியாகப் போவோம் என்று சொல்லிக்கொண்டே கையால் இத்தனையும் செய்கிற ஜனங்கள் நாம். வாயைவிடக் கையை நம்பலாம்.

ஆனால் கைவிடப்பட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனியாகத்தானே போனார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கும் இந்த மண்ணிலேயே சான்று உண்டு. தொழுநோய் வந்தவர் மூச்சு நிற்பதற்கு வெகு முன்பே செத்தவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். வீடு போகும், பந்தி போகும், பெயர்கூடப் போய்விடும். 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்களில் வறியவர்களைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் கொடுத்தது. அது நாடாளுமன்றத்தில் ரத்தானது 2016இல்தான். தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி நீங்கியது 2019இல். கொல்லிமலையில் பிறந்து 1946இல் வேலூருக்கு மருத்துவராக வந்த பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் நோய் தின்று விழுவதில்லை என்பதைக் காட்டினார். நரம்பு செத்து உணர்வு போய்விடுவதால் சூடான பாத்திரத்தையும் குத்தும் ஆணியையும் அறியாமல் அவர்களே தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். அந்தப் புண்ணே விரலைக் கொண்டுபோகிறது. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் வேலூரில் செய்தார். பிறகு கரிகிரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே நோயாளிகளுக்கு முக்கியமாகத் தேவைப்பட்டவற்றில் ஒன்று செருப்பு. உணர்வில்லாத காலில் புண் வராமல் தாங்கும்படி மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பு. உயிரோடு செத்தவர்களாக ஆக்கப்பட்டவர்கள் கையும் காலும் வேலையும் பெற்று மறுபடி உயிருள்ளவர்கள் கணக்கில் வந்தார்கள். அவர்களைச் சாகடித்ததும் மற்றவர்கள் கைகள், மீட்டதும் மற்றவர்கள் கைகள். தனிமை இயற்கை என்று தோன்றுகிற இடத்தில் சற்றுக் கிளறினால், யாரோ யாரையோ தள்ளிவிட்டது அடியில் தெரியும். அநாதைப் பிணம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்குப் பதறுகிறது; தனியாகப் போவதுதான் எல்லோருக்கும் விதி என்று உண்மையில் நம்பியிருந்தால் பதற வேண்டியதில்லை.

எல்லை எங்கே என்பதையும் பிறர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1968இல் ஹார்வர்டு மருத்துவக் குழு மூளைச் சாவுக்கு வரையறை கொடுத்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் அதைச் சாவாக ஏற்றது. வெண்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, இதயம் துடிக்கிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்துப் போட்டால், அவர் இறந்தவர். இது உறுப்பு எடுப்பதற்காகச் சட்டம் செய்துகொண்ட வசதிதானே, உண்மையான சாவு வேறெங்கோ இருக்கிறது என்பவர்களுக்கு என் பதில்: எங்கே இருக்கிறது, காட்டுங்கள். மூச்சு நிற்பதையும் நாடி அடங்குவதையும் சாவாகக் கொண்டதும் பார்த்து நின்றவர்கள் செய்த தீர்மானம்தான். மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்தவர் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவே. இதனால் சாவு கற்பனை என்று ஆகிவிடாது. கோடு கிழிப்பது நாம் என்பதால் கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. 1971இல் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று நடந்த நாளிலிருந்து கணக்கிட்டால், உறுப்பு மாற்று இந்தப் பக்கம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்று மூளைச் சாவு அடைந்த ஒருவரின் உறுப்புகளால் முன்பின் தெரியாத பலர் நடமாடுகிறார்கள். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, உறுப்புக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்தது. சேரியின் தலையில் கட்டி மறைத்துவைத்த காரியத்துக்கு, அதாவது செத்த உடம்பிலிருந்து பயனுள்ளதைப் பிரித்து எடுப்பதற்கு, அரசாங்க மரியாதை! தோலுரித்தவருக்கு அது இன்னும் வந்துசேரவில்லை என்பது வேறு விஷயம்.

அவரவர் வினை அவரவரோடு, இதில் கை எங்கே வந்தது என்பது அடுத்த மறுப்பு. பிறவிச் சுழற்சியை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. திருவள்ளுவரே சாவைத் தூக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிட்டிருக்கிறார். ஆனால் வினை என்றால் என்ன? ஒருவர் பிறருக்குச் செய்ததின் கணக்கு. உலகத்தில் ஒற்றை ஆள் மட்டும் இருந்தால் அவருக்கு நல்வினையும் இல்லை, தீவினையும் இல்லை. ஆக, தனி உயிரின் பயணத்தைச் சொல்ல வந்த கோட்பாடே பிறருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அந்தக் கணக்கைச் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவனிடம் நீட்டி, போன பிறவியில் நீ செய்தது என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அங்கேதான் தத்துவம் பித்தலாட்டம் ஆயிற்று.

கடைசியாக, நான் தப்பிக்க முடியாத கேள்வி. கைகள் கைகள் என்கிறாயே, இந்தத் தோல் கைகள் இந்த ஊர்களின் ஆறான பாலாற்றுக்கு என்ன செய்தன? அரைப் பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்வதை எழுபதுகளில் மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலாகவும் செருப்பு, ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. பட்டைத் தோல் போய்க் குரோமியம் எங்கும் பரவியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பில், தோல் தொழில் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முற்றாகவோ பாழானது பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நீதிமன்றங்களில் வேரூன்ற உதவியது அந்தத் தீர்ப்பு. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல்ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். எந்த மாநிலத்து நோயாளிகள் பிழைக்க வேண்டி வேலூருக்கு வருகிறார்களோ, அதே மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தோல் தொழிலால் லட்சம் குடும்பம் சாப்பிடுகிறது, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பெண்கள் சம்பளத்தில்தான் பிள்ளைகள் காலேஜ் போகின்றன என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பத்துப் பேரும் அதே சோற்றுக்காகத்தான் அங்கே படுத்திருந்தார்கள். கைகள் புனிதமானவை என்று நான் சொல்லவில்லை. வாழ்வதும் சாவதும் கைமாறுகிற காரியங்கள் என்கிறேன். அப்படியானால் யாருடைய சாவு யாருடைய கணக்கில் என்று கேட்டாக வேண்டும். தனியாகப் போனார்கள் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. அதனால்தான் அந்த ஆறுதல் வாக்கியத்தின் மேல் எனக்கு இத்தனை எரிச்சல்.

பிறப்பதற்கு முன்பு நாம் இல்லாத காலத்தை எண்ணி யாரும் வருந்துவதில்லை, அதேபோல இறந்த பின் இல்லாமல் போகப்போவதை எண்ணியும் அஞ்ச வேண்டியதில்லை என்று ரோமானியக் கவி லுக்ரீஷியஸ் வாதிட்டார். இரண்டாயிரம் வருஷமாகத் தத்துவ வகுப்புகளில் சுற்றிவரும் வாதம் இது. இரண்டு பக்கமும் ஒரே இருட்டு, நடுவில் நாம் மட்டும் என்ற படம் மனதுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ராணிப்பேட்டையில் அது செல்லாது. அங்கே குரோமிய உப்புத் தயாரித்த தொழிற்சாலை ஒன்று, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட நச்சுக் கழிவைத் தன் வளாகத்திலேயே குவித்துவிட்டுத் தொண்ணூறுகளின் நடுவில் மூடிக்கொண்டது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பிடித்தது. குரோமியம் மட்கிப் போகாது. மழை பெய்யப் பெய்ய நிலத்தடி நீரில் இறங்குகிறது. சாவதுதான் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாகத் தெரியாத பொருள் என்ன செய்யும் என்பதை இந்தப் பக்கத்துக் கிணறுகளைக் கேட்டால் தெரியும். 1996 தீர்ப்பு வருங்காலத் தலைமுறைகளின் தேவையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது, அதாவது பிறக்காதவர்களையும் கடன்காரர்கள் வீட்டு வாசலில் நிற்க அனுமதித்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் கழிவு விவகாரத்தில் மறுபடி இழப்பீட்டுக்கும் மீட்புக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. 2010இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஒரு பிள்ளை தான் இல்லாத காலத்தைப் பற்றி வருந்த ஒன்றுமில்லை என்று லுக்ரீஷியஸ் சொல்வார். அந்தப் பிள்ளையின் வீட்டில், அது பிறப்பதற்குப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே மூடப்பட்ட தொழிற்சாலைக்காக, இன்றைக்கும் கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.